வரப்புக் கற்றாழை நாருக்கு உலோகத் தூள் வலுவூட்டுமா?

திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கட்டுபவர்கள் காலையில் முதல் வேலையாக வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து வைப்பார்கள். நனைந்த நார் முறியாது, பூவின் காம்பையும் அறுக்காது. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் வந்து குவியும் நாட்களில் எத்தனை கட்டு நார் வந்தாலும் போதாது. அங்கே ஈரம்தான் நாருக்கு மதிப்பு. ஆனால் நாரை வாங்கிப் பிசினில் வார்த்துப் பலகை செய்யும் தொழிற்சாலைக்கோ ஈரம்தான் முதல் எதிரி. நாரை விற்க நினைக்கும் விவசாயி இந்த வேறுபாட்டை மனதில் கொள்வது அவசியம்.

மலையின் 365 படிகளையும் ஏறி நின்று பார்த்தால், ஆந்திர எல்லை வரை பாறையும் மேடுமான மானாவாரி நிலங்கள் தெரியும். வேர்க்கடலை விதைப்பதும், மழை பொய்த்தால் தரிசு போடுவதுமாகக் காலம் தள்ளும் நிலங்கள் இவை. இத்தகைய நிலங்களின் வரப்பில் ஆடு மாடு நுழையாதபடி கற்றாழை நடுவது பழைய பழக்கம். ரயில் பாதை ஓரங்களில் வேலியாக நின்றதால் ரயில் கற்றாழை என்றே இதற்குப் பெயர். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, பூச்சி மருந்தும் கேட்காது. வேலிக்கு நிற்கும் இந்தச் செடி நாருக்காகவும் விலைபோகுமானால் சிறு விவசாயிக்கு அது உபரி வருமானமே.

இங்கேதான் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் ஒரு விவசாயியிடம் நார் இயந்திரம் விற்பவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நாரோடு உலோகத் தூள் சேர்த்து வார்த்தால் பலகை இரும்பு போல ஆகிவிடும். நார் எப்படி இருந்தாலும் கவலை இல்லை, தூள் பார்த்துக்கொள்ளும். இயந்திரத்தை மட்டும் வாங்குங்கள், நாரை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார். இதில் எவ்வளவு உண்மை? இயந்திரத்துக்குப் பணம் கட்டுமுன் அந்த விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

குதிர் கட்டிய கைக்குப் புதிதல்ல

நார்க் கலவைப் பலகை என்பது பெயரில்தான் புதிது. நெற்குதிர் கட்டும்போது களிமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்துக் குழைத்தார்கள். களிமண் மட்டும் இருந்தால் காயும்போது வெடிக்கும். வைக்கோல் மட்டும் இருந்தால் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் குதிர் பல ஆண்டு நிற்கும். கலவைப் பலகையில் களிமண்ணுக்குப் பதில் பாலியெஸ்டர், எபாக்சி போன்ற பிசின்கள். வைக்கோலுக்குப் பதில் கற்றாழை, வாழை, சணல், தென்னை நார்கள். பிசின் நாரைப் பிடித்து நிறுத்துகிறது. இழுவிசையை நார் தாங்குகிறது. நல்ல கற்றாழை நாரின் இழுவலிமை, இறுகிய பாலியெஸ்டர் பிசினுடையதைப் போலப் பல மடங்கு. ஆகவே பலகையின் வலுவில் பெரும்பங்கு நாருடையது. பாரம் பிசினிலிருந்து நாருக்குச் சரியாக இறங்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இத்தகைய பொருள் உலகில் பல காலமாக உபயோகத்தில் உள்ளது. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை தயாரான டிராபண்ட் காரின் மேற்கூடு, பஞ்சுக் கழிவைப் பினாலிக் பிசினில் அழுத்திச் செய்யப்பட்டது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் கார்க் கதவின் உட்புறத் தகட்டுக்குக் கெனாஃப் நாரைப் பயன்படுத்தியது. கெனாஃப் என்பது வேறு ஒன்றுமில்லை. எல்லைக்கு அப்பால் கோங்குரா என்றும் இப்பால் புளிச்சை என்றும் கீரைக்காக வளர்க்கிறோமே, அந்த இனத்துச் செடிதான். நம் நாட்டில் திருவனந்தபுரத்திலுள்ள மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் 1980-களின் தொடக்கத்திலேயே வாழை, தென்னை, கற்றாழை நார்களின் வலிமையை அளந்து வெளியிட்டார்கள். ஆக, நார்ப் பலகை வெறும் ஆசை வார்த்தை அல்ல. ஆசை வார்த்தை வேறு இடத்தில் இருக்கிறது.

தூள் என்ன செய்யும், என்ன செய்யாது

குதிர் மண்ணில் கொஞ்சம் மணல் சேர்ப்பதும் உண்டு. மணல் சேர்ந்தால் காயும்போது சுருக்கம் குறையும், மேற்பரப்பு தேயாது. ஆனால் மணல் அதிகமானால் மண்ணின் பிடிப்பு போய் உதிரத் தொடங்கும். உலோகத் தூளின் கதை அப்படியே இதுதான்.

அலுமினியம், இரும்பு, செம்பு போன்றவற்றின் நுண்ணிய தூளைப் பிசினில் கலந்தால் பலகையின் கடினத்தன்மை கூடும். கீறல் குறையும், உராய்வில் தேய்மானம் குறையும். வளைப்பதும் கொஞ்சம் கடினமாகும். சிறிய அளவில் சேர்க்கும்போது கிடைக்கும் நன்மைகள் இவை. அளவு கூடினால் தூள் துகள்கள் ஒன்றோடொன்று கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு துகளையும் நனைக்கப் பிசின் செலவாவதால் நாரை நனைக்கப் பிசின் போதாது. நனையாத நாரைச் சுற்றி நுண்ணிய வெற்றிடங்கள் விழும். இழுக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் பல சோதனைகளில் தூளின் அளவு ஏற ஏற வலிமை முதலில் கூடி, ஒரு கட்டத்துக்கு மேல் இறங்குவதைக் காணலாம். அந்தக் கட்டம் எது என்பது நாரின் வகை, தூளின் பருமன், பிசின், வார்க்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சொல்பவர் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை என்றே கொள்ளலாம்.

துகள் உருண்டையானது, நார் நீளமானது. பாரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இழுத்துச் செல்ல நீளம் வேண்டும். ஆகவே இழுவலிமைக்குத் தூள் நாரின் இடத்தைப் பிடிக்க முடியாது. தூளுக்கு இடம்விட நாரைக் குறைத்தால் பலகையின் மேல்தோல் கடினமாகும், உள்வலு குறையும். திடீர் அடி விழுந்தால் எளிதில் வெடிக்கவும் செய்யும்.

எடையையும் கணக்குப் பார்க்க வேண்டும். பிசின் லிட்டருக்கு 1.2 கிலோ, கற்றாழை நார் சுமார் 1.4 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ, இரும்பு 7.9 கிலோ, செம்பு கிட்டத்தட்ட 9 கிலோ. கன அளவில் 70 பங்கு பிசினும் 30 பங்கு நாரும் கொண்ட பலகை லிட்டருக்குச் சுமார் 1.26 கிலோ இருக்கும். அதில் 10 பங்கு பிசினை எடுத்துவிட்டு அலுமினியத் தூள் சேர்த்தால் 1.41 கிலோ ஆகும். அதே இடத்தில் இரும்புத் தூள் போட்டால் 1.93 கிலோ. பத்து லிட்டர் அளவு பொருள் பிடிக்கும் ஒரு கதவு, பன்னிரண்டரை கிலோவிலிருந்து பத்தொன்பது கிலோவுக்கு ஏறிவிடும். இயற்கை நாரின் பெரிய சாதகமே கண்ணாடி நாரைவிட லேசானது என்பதுதான். இரும்புத் தூளைக் கொட்டி அந்தச் சாதகத்தை நாமே கெடுத்துக்கொள்வதில் என்ன பயன்?

உலோகத் தூள் உண்மையில் உதவுவது வெப்பம் கடத்த வேண்டிய இடங்களில். பிசின் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அலுமினியம் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்தும். எபாக்சியில் அலுமினியத் தூள் கலந்து வார்ப்பு அச்சுகள் செய்வது இதனால்தான். ஆனால் பத்தில் ஒரு பங்கு தூள் போட்டவுடன் பலகை நூறு மடங்கு கடத்தும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆற்றைக் கடக்க இடைவெளி விட்டுக் கற்கள் கிடப்பது போல, ஒவ்வொரு துகளையும் சுற்றிப் பிசின் நிற்கிறது. கற்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் கால் நனையாமல் போகலாம். துகள்கள் தொடும் அளவுக்குத் தூளை ஏற்றினாலோ மேலே சொன்ன உதிர்வு வந்துவிடும்.

உராய்வும் வெப்பமும் சேர்ந்து வரும் இடம் வண்டிகளின் பிரேக் லைனிங். திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலேறினால் வழியில் வரும் அம்பத்தூரிலும், அதை அடுத்த பாடியிலும் பிரேக் லைனிங் தொழிற்சாலைகள் உள்ளன. பினாலிக் பிசின், நார், உலோகத் தூள், இவற்றோடு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து செய்த தூளும் சேரும் கலவை இது. பண்ருட்டி முந்திரி விவசாயியின் ஓடு இங்கே வந்து சேர்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் உடல்நலத்துக்குக் கேடு என்று தெரிந்தபின் மாற்று நார்கள் புகுந்தன. இயற்கை நார்களையும் இதற்காக ஆராய்ந்து வருகிறார்கள். அதே சமயம் பிரேக்கிலிருந்து உதிரும் செம்பு நீர்நிலைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2010-இல் சட்டம் செய்து, செம்பின் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லிவிட்டது. இயற்கை நாருக்கும் ஒரு வரம்பு உண்டு. சுமார் 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் நார் கருகிச் சிதையத் தொடங்கும். தூள் வெப்பத்தைக் கொஞ்சம் வெளியே கடத்தலாமே தவிர, நாரைத் தீயிலிருந்து காக்காது.

வீட்டுக் கதவுக்குச் செம்மண் சேறு

கதவு, தடுப்புப் பலகை, மேசைப் பலகை போன்றவற்றுக்கு விலையுயர்ந்த உலோகத் தூள் தேவையே இல்லை. செம்புத் தூளின் விலை நாரின் விலையைப் பல மடங்கு மிஞ்சும். இங்கு நம் நாட்டில் கண்ட வழி வேறு. பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினா எடுத்தபின் எஞ்சும் சிவப்புச் சேறு மலைபோல் குவிந்து கிடக்கும் ஆலைக் கழிவு. ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டைக் கொண்டு முன்பு இயங்கிய மேட்டூர் அலுமினிய ஆலையின் பக்கத்திலும் இந்தச் சேறு குவிந்தது. இதில் அதிகமாக இருப்பது இரும்பு ஆக்சைடு. செந்நிறத்துக்குக் காரணம் அதுதான். உலோகம் அல்ல, உலோகத்தின் துரு வடிவம் எனலாம். இதைக் காயவைத்துத் தூளாக்கிச் சணல் அல்லது கற்றாழை நாரோடு பாலியெஸ்டர் பிசினில் அழுத்தி, மரத்துக்கு மாற்றாகக் கதவுகள் செய்யும் முறையைப் போபாலிலுள்ள மண்டல ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கியது. இன்று அம்ப்ரி என்ற பெயரில் இயங்கும் அந்த நிறுவனம் கற்றாழை நாருக்கென்றே தனி மையமும் நடத்தியது. தமிழ்நாட்டில் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தார், வாழை நார்–பாலியெஸ்டர் பலகையில் சிவப்புச் சேற்றுத் தூள் சேர்த்தால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டனர். அனல் மின் நிலையச் சாம்பலும் இவ்விதமே நிரப்புப் பொருளாகப் பயன்படும். திருவள்ளூர் மாவட்டத்திலேயே அத்திப்பட்டில் அதற்குக் குறைவில்லை.

இவற்றைச் சேர்ப்பதன் முதல் நோக்கம் பிசினின் செலவைக் குறைப்பது. கலவையில் விலை அதிகமான பொருள் பெரும்பாலும் பிசின்தான். தூள் எந்த வகையாக இருந்தாலும் நாரின் தரக்குறைவை அது ஈடுகட்டியதாக யாரும் கொள்வதற்கில்லை. தூள் சேரும் பலகைக்கு நார் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே உண்மை. காரணங்களைப் பார்ப்போம்.

மூட்டைக்குள் ஒளிந்திருக்கும் ஈரம்

வெயிலில் நன்றாகக் காய்ந்தது போல் தெரியும் நாரிலும், காற்றின் ஈரத்தைப் பொறுத்து, நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் தண்ணீர் இருக்கக்கூடும். பிசின் இறுகும்போது சூடாகும். அந்தச் சூட்டில் நாரின் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழி தேடும். வழி இல்லாவிட்டால் குமிழாக உள்ளேயே நிற்கும். மேலும், ஈரத்தில் பருத்திருக்கும் நார் பின்னர் காய்ந்து சுருங்கும்போது பிசினை விட்டு விலகும். தொழிற்சாலைகளில் வார்க்குமுன் நாரை உலர் அடுப்பில் வைப்பது இதனால்தான். மூட்டையில் எவ்வளவு ஈரம் அதிகமோ அவ்வளவு எரிபொருள் செலவு. விலையில் அது கழிக்கப்படும்.

இரும்புத் தூள் சேரும் பலகையில் ஈரத்தின் தீமை இரட்டிப்பாகிறது. எஞ்சிய ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்தே பலகை வெடிக்கும். உப்புக் கிணற்று நீரில் நாரை அலசியிருந்தால் துரு இன்னும் விரைவாக வரும். கற்றாழைச் சாற்றில் இயல்பாகவே அமிலத்தன்மை உண்டு. சாறு போக அலசாத நாரும் இதே தொல்லையைத் தரும்.

அலுமினியத் தூளில் வேறு ஒரு சிக்கல். பிசின் நன்றாக ஒட்டுவதற்காக நாரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து மெழுகையும் அழுக்கையும் நீக்குவது தொழிற்சாலை வழக்கம். பின்னர் சோடா அறவே போகும் வரை அலச வேண்டும். சோடாவும் ஈரமும் எஞ்சிய நாரை அலுமினியத் தூளோடு சேர்த்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பலகை, பொங்கிய இட்லி மாவு போல் குமிழ் குமிழாகிவிடும். காஸ்டிக் சோடா கண்ணையும் தோலையும் அரிக்கும் பொருள். இந்த வேலையை விவசாயி வீட்டில் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது.

வீட்டுத் திண்ணையில் பலகை வார்த்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். மத்தாப்பில் வெள்ளொளி தருவது அலுமினியத் தூள்தான் என்பதை நினைவில் வைக்கவும். காற்றில் பறந்தால் ஒரு தீப்பொறி போதும். பாலியெஸ்டர் பிசினை இறுக வைக்க ஊற்றும் கடினமாக்கியையும் முடுக்கியையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்து எரியும். கூரை வீடும் வைக்கோல் போரும் உள்ள இடத்தில் இவற்றுக்கு வேலை இல்லை. நாரைச் சுத்தமாக எடுத்துத் தருவதோடு விவசாயியின் பங்கு முடிகிறது. அந்தப் பங்கைச் சரியாகச் செய்தாலே விலை கேட்கலாம்.

எந்தக் கற்றாழை, எப்போது வெட்டுவது

வரப்பில் நிற்பது எல்லாம் ஒரே கற்றாழை அல்ல. இலையின் ஓரம் வழவழப்பாக, நுனியில் மட்டும் முள் உள்ளது சைசால் இனம். மெக்சிகோ நாட்டில் சைசால் என்ற துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால் அந்தப் பெயர். ஓரமெல்லாம் வளைந்த பற்கள் போல் முள் உள்ள அகன்ற இலையினம் வேறு. அதிலும் நார் உண்டு. ஆனால் ஆலைகள் விரும்புவது சைசால் நாரை. இரண்டையும் ஒரே கட்டில் கலந்து அனுப்பக் கூடாது. ஒடிசா மாநிலம் பாம்ராவில் சைசாலுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

நட்ட மூன்றாம் ஆண்டிலிருந்து அடி இலைகளை வெட்டலாம். உச்சியில் நேராக நிற்கும் இளம் இலைகளைத் தொடக்கூடாது. அவற்றையும் வெட்டினால் செடி தளர்ந்துவிடும். செடி தன் வாழ்நாளில் ஒருமுறை மட்டும் உயரமான பூத்தண்டு விட்டு மடியும். அந்தத் தண்டில் தோன்றும் குருத்துக் கன்றுகளையும், அடியில் வரும் பக்கக் கன்றுகளையும் மறுநடவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டிய இலையை மறுநாளைக்குள் உரித்துவிடுவது நல்லது. வாடிய இலையில் சதை நாரோடு ஒட்டிக்கொள்ளும், நாரும் நிறம் மங்கும். குளத்து நீரில் இலையை ஊறப்போட்டு அழுகவைத்து எடுப்பது செலவில்லாத பழைய முறை. ஆனால் நீர் நாறும், மீன் சாகும், மாடு குடிக்க முடியாது; ஊர்ப் பொதுக் குளத்தில் இதைச் செய்து வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம். நாரும் சில இடங்களில் அதிகம் அழுகி வலு இழக்கும். இயந்திரத்தில் உரித்த நாரே நிறத்திலும் வலுவிலும் சீராக இருக்கும். ஆனால் சுழலும் உருளையில் இலையைக் கையால் கொடுக்கும் இயந்திரத்தில் விரல் போகும் ஆபத்து உண்டு. தளர்ந்த துண்டு, வளையல், நீளக் கைச்சட்டை இவற்றோடு அருகில் போகக் கூடாது. சாறு பட்டால் தோல் அரிக்கும் என்பது கற்றாழை வெட்டியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உரித்தவுடன் நல்ல தண்ணீரில் சதை போக அலசி, கொடியிலோ மூங்கில் கழியிலோ தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். தரையில் பரப்பினால் மண் ஒட்டும். அந்த மண்ணும் ஒரு தூள்தான், யாரும் கேட்காத தூள். காய்ந்த நாரில் ஒரு பிடியை எடுத்துக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி வெயிலில் அரைமணி நேரம் வைத்துப் பார்க்கலாம். பையின் உட்புறம் நீர்த்துளி படிந்தால் இன்னும் காய வேண்டும் என்று பொருள். கட்டுகளை மரப்பலகை மேல் அடுக்கவும். யூரியா மூட்டையும் டீசல் டப்பாவும் இருக்கும் மூலையில் வைக்க வேண்டாம். எண்ணெய் பட்ட நாரில் பிசின் ஒட்டாது. எடை கூட்டத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் சில விளைபொருள்களில் இருக்கலாம். நாரில் அது முதல் மூட்டையிலேயே பிடிபடும்.

வரப்பின் கணக்கு

மேலே சொன்ன மூன்று ஏக்கர்க்காரரின் கணக்குக்கு வருவோம். அவருடைய வரப்பு 300 மீட்டர், மீட்டருக்கு ஒரு செடி என்றால் 300 செடிகள். செடிக்கு ஆண்டுக்கு 20 இலை, இலை அரைக்கிலோ என்று கொண்டால் 3,000 கிலோ இலை கிடைக்கும். இலை எடையில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்குதான் உலர்ந்த நார். ஆக ஆண்டுக்கு 90 முதல் 120 கிலோ. செடி வளரும் முதல் மூன்று ஆண்டுகளில் ஒன்றும் இல்லை. விற்பவர் சொல்லும் இயந்திரமோ லட்ச ரூபாயைத் தாண்டுகிறது என்றால், நூறு கிலோ நாரை நம்பித் தனி ஒருவர் அதை வாங்குவது எப்படிக் கட்டும்? ஒரு டன் நாருக்கு 25 முதல் 33 டன் இலை வேண்டும். பத்து, இருபது பேர் வரப்பு சேர்ந்தால்தான் ஒரு இயந்திரத்துக்கு வேலை இருக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ, மகளிர் குழுவாகவோ சேர்ந்து வாடகைக்கு ஓட்டிப் பார்த்தபின் வாங்குவதே புத்திசாலித்தனம். வாழைக்காரர்களுக்கும் இதே கணக்குத்தான். ஒரு தண்டிலிருந்து வரும் உலர்ந்த நார் சில நூறு கிராம் மட்டுமே. தார் வெட்டியபின் வீணாகும் தண்டு கையருகே இருப்பது மட்டும் சாதகம். வாழை நார் குறித்து 1993-இல் தொடங்கப்பட்ட திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் விவரம் பெறலாம்.

'திரும்ப எடுத்துக்கொள்கிறோம்' என்ற சொல்லைக் கேட்டதும் 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்குப் பணம் கட்டியவர்கள் பட்ட பாடு நினைவுக்கு வர வேண்டும். பறவை போலி அல்ல. வாங்குவதாகச் சொன்னவரின் வாக்குத்தான் நிற்கவில்லை. நாரிலும் நார் உண்மை, பலகை உண்மை. ஆகவே வாங்குபவரிடம் நேரடியாகச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். நார் எந்தப் பொருளுக்குப் போகிறது? பாய் போல் பரப்பி வார்ப்பதானால் நீள நார் வேண்டும்; தூளோடு கலந்து அச்சில் அழுத்துவதானால் நறுக்கிய குட்டை நாரே போதும். நறுக்கும் கூலி யாருடையது? ஈரம் எத்தனை சதவீதம் வரை ஏற்பார்கள், அதற்கு மேல் விலை எப்படிக் கழியும்? பலகையில் நாரின் பங்கு எவ்வளவு, தூளின் பங்கு எவ்வளவு? தூளின் பங்கை ஏற்றி நாரைக் குறைக்கும் ஆலை நாளை நமது கொள்முதலையும் குறைக்கும் என்பதால் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். பதில்கள் வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும். முதலில் ஐந்து கிலோ மாதிரி அனுப்பி, பணம் கைக்கு வந்தபின் அடுத்த பேச்சு.

வடகிழக்குப் பருவமழை ஓயாத ஐப்பசி, கார்த்திகையில் நார் உரிப்பது வீண் வேலை. காயாது, பூசணம் பூக்கும். தை பிறந்தபின் வெட்டத் தொடங்கலாம். புதிதாகக் கன்று நடுவோர் மழைக்கு முன்பே வரப்பில் குழி எடுத்து வைக்கவும். நடவு பற்றிய விவரங்களுக்குத் திருவள்ளூரை அடுத்த திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பலகை செய்து காட்டுபவர் அதன் வலிமை பற்றிச் சொல்வதைச் சரிபார்க்க வேண்டுமானால் சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட் நிறுவனத்தில் சோதனை வசதி உண்டு. சோதனைக்குக் கொடுக்கும்போது தூள் சேர்த்த துண்டு, தூள் சேர்க்காத துண்டு இரண்டையும், அதே நாரில், அதே கனத்தில் வார்த்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். தண்ணீரில் ஊறவைத்தபின் இரண்டின் வலிமையும் எவ்வளவு என்பதையும் அறிக்கையில் கேட்டுப் பெறவும்.